எம் மனத்தை விட்டு நீங்காத மூன்று பாட்டுக்கள்

பாட்டுக் கட்டுதல் பாவலர்க்கே உரிய தொழில் என்று எண்ணுவார் பலர் உளர். யாப்பும் அணியும் பயின்றார்க்கே பாட்டு உரியது என்பது அவர் கருத்து. தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் எம்போலியர் இக்கருத்தை எளிதில் உடன்படுவர் என்றும் அவர் எதிர்பார்ப்பர். காவிரி நாட்டின் வழக்கமோ இதற்கு மாறானது. அங்கே முன்சீபு பாடினார், வைத்தியர் பாடினார், வண்டியோட்டி பாடினார், நாற்று நடும் மகளிர் பாடினர். பாட்டினால் வயிறு வளர்க்க வேண்டிய நிலையில் இவர்களுள் எவரும் இலர். இவ்வுண்மையைச் சென்ற தைத் திங்களில் எம் ஊராகிய சுவாமிமலைக்கு அண்மையில் நடைபெற்ற ஒரு பாட்டுப் போட்டி எமக்கு நன்கு விளக்கிற்று. அங்குக் கேட்டவற்றுள் எம் மனத்தை விட்டு நீங்காத மூன்று பாட்டுக்களைப் பற்றி ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

சுவாமிமலை கும்பகோணத்திற்கு மேற்கே உள்ளது. தமிழ் ஆண்டுகள் அறுபதன் பெயரால் அமைந்த 60 படிகளை உடையது அவ்வூர்க் கோயில். மைந்தன் ஆசானாக அமர்ந்து தந்தைக்குப் பிரணவப் பொருள் உரைத்தான் என்பது அத்தலத்துப் புராணம். யாம் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தோமாயினும், இக்கதையைப் பள்ளியில் எழுத்தறியுமுன்னரே கேட்டு வளர்ந்தோம். சிறியோரிடத்தும் கற்கத்தக்கது உண்டு என்பதனை அவ்வூரார்க்கு எவரும் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை.

மேற்கூறிய போட்டியை நடத்தியவர் அவ்வட்டாரத்து இளைஞர் சிலர். அவர் வகுத்த விதிகள் இரண்டே. பாட்டினாற் பொருள் ஈட்டுவோர் அதிற் சேர்தல் கூடாது என்பது ஒன்று. சொல் பாடுவோரது சொந்தமாதல் வேண்டும், மெட்டுப் பழையதாயினும் அமையும் என்பது மற்றொன்று. எழுதவறியாதார் கைப்பேசியிற் பாடிப் பதிவு செய்து அனுப்பலாம் என்றும் இசைந்தனர். 23 பாட்டுக்கள் வந்து சேர்ந்தன. அவற்றை ஏட்டில் எழுதித் தரும் பணி, தமிழ் படிக்கும் பிள்ளை என்ற காரணத்தால், எம்மிடம் ஒப்புவிக்கப் பெற்றது. ஆதலின் ஒவ்வொன்றையும் ஐந்தாறு முறை கேட்கும் பேறு எமக்கு வாய்த்தது.

இத்தகைய போட்டி தஞ்சை நாட்டிற்குப் புதிதன்று. 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராட்டியரோடு லாவணி என்னும் பாட்டு இந்நாட்டிற்கு வந்தது. மாசித் திங்களிற் காமன் பண்டிகை நிகழும். ஆமணக்கும் கரும்பும் நட்டுக் காமனாகப் பாவித்து, உரிய நாளிற் கொளுத்துவர். அப்பொழுது ஊரார் முன்னிலையில் இரு கட்சியார் எதிரெதிர் அமர்வர். சிவபிரானது நெற்றிக்கண்ணால் காமன் எரிந்தான் என்பது எரிந்த கட்சி. எரியவில்லை என்பது எரியாத கட்சி. டேப் என்னும் தோற்கருவியைத் தட்டிக்கொண்டு ஒருவர் பாட்டாலே வினவ, மற்றவர் பாட்டாலே விடையிறுப்பார். விடைப்பாட்டு அவ்விடத்தே அப்பொழுதே கட்டப்படல் வேண்டும். பகலெல்லாம் வயலிலும் பட்டறையிலும் உழைத்தவரே இரவிற் புராணமும் சாத்திரமும் பேசி வாதிட்டனர்.

எம் மனத்தைக் கவர்ந்த முதற்பாட்டு இந்த லாவணி முறையில் அமைந்தது. அதனைப் பாடியவர் சிற்றுந்து ஒன்றின் நடத்துநர். தலைமடை உழவர் ஒருவரும் கடைமடை உழவர் ஒருவரும் வாதிடுவதாக, இரு குரலிலும் தாமே பாடியிருந்தார். மேட்டூர் அணை 1934 ஆம் ஆண்டில் முற்றுப் பெற்றது. குறுவைச் சாகுபடிக்கு அவ்வணையை ஜூன் 12 இல் திறப்பது வழக்கம். நீர் போதாத ஆண்டில் அந்நாள் தள்ளிப் போதலும் உண்டு. திறந்த நீர் கல்லணை வந்து, கிளையாறுகளிலும் வாய்க்கால்களிலும் பிரிந்து, கடைமடையை அடையுமுன் நாட்கள் பல கழியும். ‘என் வாயில் வழியே போகும் நீரை யான் எடுப்பது குற்றமோ?’ என்கின்றார் தலைமடையார். ‘நீர் முகம் கழுவி விட்ட மிச்சத்தில் யான் விதை நனைக்க வேண்டுமோ?’ என்கின்றார் கடைமடையார். வாதம் முற்றுகையில் ஆறு இடைபுகுந்து, ‘மேலே நிமிர்ந்து பார்’ என்று தலைமடையாரை ஏவுகின்றது. அவர் நோக்குகின்றார்; தமக்கும் மேலே ஒரு தலைமடை இருத்தலைக் காண்கின்றார். 1990 இல் நடுவர் மன்றம் அமைந்து, 2018 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு உரைத்த பெருவழக்கு முழுவதும் அந்த ஓரடியில் அடங்கிவிட்டது. வெல்பவர் இவர் என்று சொல்லாமலே பாட்டு முடிகின்றது. கேட்டவர் வாய்விட்டு நகைத்தனர். நகைத்தபின் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

இரண்டாம் பாட்டு, நடவுத் தொழில் செய்த ஓர் அம்மையார் பாடியது. வயது ஐம்பதுக்கு மேலிருக்கும். நடவு வயலில் ஒருத்தி முன்பாட, ஏனையோர் பின்பாடுதல் மரபு. குனிந்த முதுகின் நோவும் சேற்றின் குளிரும் அப்பாட்டினால் மறக்கப்படும். கைகளும் ஒரு தாளத்தில் இயங்கும். இப்பொழுது பல வயல்களில் நடவு இயந்திரம் வந்துவிட்டது. அவ்வியந்திரத்தின்மீது அம்மையார்க்குப் பகை இல்லை. ‘இடுப்பு வலி போயிற்று’ என்று அதற்கு வாழ்த்தும் கூறுகின்றார். பின்னர் இவ்வாறு பாடுகின்றார்:

நாற்று நட்ட கையிரண்டும் நாளும் வேலை கேட்குதே;
பாட்டு வைத்த வாயிருந்தும் பாட வயல் இல்லையே.

கூலி போயிற்று என்ற வருத்தத்தைப் பலர் எழுதியுள்ளனர். கூலியோடு பாடுமிடமும் போயிற்று என்பதனை யாம் முதன்முதலில் இவர் வாயிலாகவே கேட்டோம்.

மூன்றாம் பாட்டு எம் ஊருக்கே உரியது. சுவாமிமலையில் ஸ்தபதிகள் வார்க்கும் செப்புத் திருமேனிகள் உலகெங்கும் பேர்பெற்றவை. முதலிற் குங்கிலியம் கலந்த தேன்மெழுகினால் உருவம் முழுவதையும் செய்வர். அதன்மேற் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசுவர். உலர்ந்தபின் மேலும் மண் பூசிக் கம்பியாற் கட்டுவர். சூடேற்றியவுடன் உள்ளிருக்கும் மெழுகு உருகி வெளியேறும். மெழுகு விட்டுப்போன வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவர். ஆறியதும் மண்கருவை உடைத்துத் திருமேனியை வெளியே எடுப்பர். அக்கரு மறுமுறை பயன்படாது.

இத்தகைய பட்டறை ஒன்றில் மண் பூசும் இளைஞர் ஒருவர் மெழுகைப் பற்றிப் பாடியிருந்தார். கண்ணும் மூக்கும் விரலும் முதலிற் பெற்றது மெழுகே. திருவிழாக் காணப் போவதோ வெண்கலம். தான் இருந்த இடத்தைத் துல்லியமாகக் காலி செய்து கொடுத்தலே மெழுகின் தொழில் என்கின்றார் அவர். கேட்கும்பொழுதே, நிலத்தில் விழுந்து சாகும் கோதுமை மணியைப் பற்றிய யோவான் சுவிசேஷ வசனம் எமக்கு நினைவிற்கு வந்தது. பாடியவர்க்கோ தம் தாயின் நினைவு. மகனைப் படிக்கவைக்க வீட்டு வேலைக்குச் சென்று மெலிந்த தாயின் பெயரைச் சொல்லி அப்பாட்டு முடிகின்றது.

நிற்க. இம்மூன்றனுள் ஒன்றேனும் பரிசு பெறவில்லை. முதற்பரிசு பெற்றது எதுகையும் மோனையும் வழுவாது அமைந்த ஒரு மொழி வாழ்த்து. அதனைக் குறைகூற யாம் விரும்பவில்லை. ஆயினும் மறுநாள் அதன் ஓரடியும் எம் நினைவில் நிற்கவில்லை. எம் மூன்று பாட்டுக்களுக்கும் நடுவர் கூறிய குறைகள் இரண்டு: மெட்டுப் பழையது, பாடியவர் இலக்கணம் பயிலாதவர்.

முதற்குறையை ஆராய்வோம். வார்ப்புத் தொழிலிற் கரு ஒருமுறையே பயன்படும்; பாட்டில் மெட்டென்னும் கரு உடைவதில்லை, எத்துணைப் பேர் ஊற்றினும் ஏற்கும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி இயற்றியபொழுது, கோயிலிலும் அரசவையிலும் பயின்ற குறவஞ்சி அமைப்பையே எடுத்துக்கொண்டார். அதனாலன்றோ அப்பாட்டுக்கள் எம் முன்னோர் நாவில் எளிதிற் குடியேறின? ஆங்கில ஞானப்பாட்டுக்களிலும் ஓர் இராகம் பல பாட்டுக்களுக்கு வழங்குதல் பெருவழக்கு.

இரண்டாம் குறைக்கு விடை கூறுவோர் மாயூரத்திலும் தஞ்சையிலும் உளர். வேதநாயகம் பிள்ளை (1826–1889) முன்சீபாக வழக்குத் தீர்த்தவர். பாட்டு அவர்க்குப் பிழைப்பன்று. 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டு ஏழைகட்குக் கஞ்சி வார்த்தார். பஞ்சம் தீரவேண்டி இறைவனைப் பாடினார். 1878 இல் வெளிவந்த அவருடைய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளைச் சமய வேறுபாடின்றிப் பலரும் பாடினர். இசைப்புலவராகிய கோபாலகிருஷ்ண பாரதியாரே அவரது ஈகையைப் போற்றி ஒரு கீர்த்தனை செய்தார். ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) ஆசிரியராக இருந்து சித்த வைத்தியரானவர். தமிழ் மாணவர் தமிழிலேயே இசை பயில வேண்டும் என்று பாட்டுக்கள் இயற்றினார். 1912 முதல் தஞ்சையில் இசை மாநாடுகள் கூட்டினார். 1917 இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். இவர்கள் கற்றோர் ஆயிற்றே என்பீராயின், தொல்காப்பியரை நோக்குமின். செய்யுளியலில் அவர் பண்ணத்தி என்று ஒன்றனைக் கூறி, மக்கள் வாயில் வழங்கிய இசைப்பாட்டிற்கும் இலக்கணத்துள் இடம் கொடுத்தார். உரையாசிரியர் பேராசிரியர் அதற்கு எடுத்துக்காட்டாக வஞ்சிப்பாட்டு, மோதிரப்பாட்டு முதலியவற்றைக் குறித்தார். இன்று அப்பெயர்களே நமக்கு எஞ்சியுள்ளன, பாட்டுக்கள் மறைந்தன. என்னை? எழுதி வைப்பார் இலர்.

இவ்விழப்பு பழங்காலத்ததாயின் இத்துணை வருந்தோம். போட்டி முடிந்த மறுவாரம் நடவுப் பாட்டுப் பாடிய அம்மையாரைக் காணச் சென்றோம். ‘நான் படிக்காதவள், தம்பி. தப்பும் தவறுமாகப் பாடிவிட்டேனாம். பதிவு செய்ததை நானும் அழித்துவிட்டேன், அவர்களையும் அழிக்கச் சொல்லிவிட்டேன்’ என்றார். அவர் பாட்டு அப்பொழுது எம் ஏடு ஒன்றிலேயே இருந்தது. அதனை எடுத்து அவர் முன்னே படித்துக் காட்டினோம். முதலில் நாணினார், பின்னர், ‘இந்த இடத்தில் நீ ஒரு சொல் விட்டுவிட்டாய்’ என்றார். ‘அத்தை, தாங்களே பாடிக் காட்டுங்கள்’ என்று வேண்டினோம். பாடினார். போட்டிக்கு அனுப்பாத வேறு நான்கு பாட்டுக்களும் பாடினார். அவற்றுள் ஒன்று அவர் தாயார் கட்டியது. மற்றொன்றை யார் கட்டினார் என்பது அவர்க்கும் தெரியாது.

மாணவ நண்பர்களே, நம் கல்லூரியிற் பல ஊர்ப் பிள்ளைகள் பயில்கின்றனர். விடுமுறைக்கு ஊர் செல்லும்பொழுது ஒவ்வொருவரும் ஓர் ஏடு கொண்டு செல்வீர்களாக. பாட்டி, மாமன், அண்டை வீட்டார், ஆலயத்திற் பின்வரிசையில் அமர்ந்து பாடுவோர் ஆகியோரிடம் அவர் தாமே கட்டிய பாட்டு உண்டோ என்று வினவுங்கள். சொல்லைத் திருத்தாமல் எழுதுங்கள். மெட்டையும் பாடியவர் தொழிலையும் நாளையும் குறியுங்கள். எழுதியதனை அவர்க்கே மீண்டும் படித்துக் காட்டுங்கள். இலக்கணம் கற்ற நமக்கு இது தாழ்வன்று. தொல்காப்பியர் வகுத்த இடத்தை நிரப்பும் பணியே ஆம். எம் ஏட்டில் இதுவரை 31 பாட்டுக்கள் சேர்ந்துள்ளன. அடுத்த ஆண்டு மலர் வெளிவருமுன் அவ்வெண் பெருகும் என்று நம்பி, நும் ஏடுகளை எதிர்நோக்கி நிற்கின்றோம்.