கல்யாணக் கேசட்டும் கணினியும்

வீடியோ கேசட்டைக் கணினிக்கு மாற்றுவது பற்றிப் பேச்செடுத்தாலே எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி: "சீக்கிரமா முடிக்க வழி இருக்கா?" இல்லை மக்களே. மூன்று மணி நேரக் கேசட் மூன்று மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும்.

வி.எச்.எஸ். டேப்பில் படம் சாய்ந்த கோடுகளாகப் பதிவாகிறது. நம் ஊர் பால் முறை டெக்கில், ஹெட் பொருத்திய உருளை நிமிடத்துக்கு 1500 முறை சுற்றி அவற்றைப் படிக்கிறது. டேப்பை வேகமாக ஓட்டினால் ஹெட் ஒரு கோட்டில் நிற்காமல் பல கோடுகளைத் தாண்டிவிடும். ஓட்டிப் பார்க்கும்போது படத்தில் பட்டை பட்டையாகத் தெரியுமே, அது இதனால்தான். ஆகவே நேரத்தை மிச்சம் பிடிக்க ஒரே வழி, முதல் தடவையே ஒழுங்காக மாற்றுவது.

எனக்கு இதில் என்ன அக்கறை? அம்மா அப்பா கல்யாணம் 1997-ல் நடந்தது. அந்தக் கால வழக்கப்படி வீடியோக்காரர் கேசட் முழுக்க சினிமாப் பாட்டை ஏற்றிவிட்டார். அம்மாவைப் பெற்ற தாத்தா நான் பிறக்கும் முன்பே போய்விட்டார். அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. பந்தியில், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் மட்டும், "இந்த இலைக்குப் பாயசம் வரலை பாருங்கப்பா" என்கிறார். எட்டே விநாடி.

முன்பு ஒரு கடையில் கொடுத்து இதை டிவிடியாக்கி வாங்கியிருந்தார்கள். மூன்று மணி நேரத்தையும் ஒரே தட்டில் அமுக்கியதில் முகமெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். டிவிடியின் எம்பெக்-2 முறையில் சில சட்டகங்கள்தான் முழுதாக இருக்கும். மற்றவை முன்பின் சட்டகங்களிலிருந்து என்ன மாறியது என்ற கணக்கு மட்டுமே. பார்ப்பதற்குச் சரி, நினைத்த இடத்தில் வெட்டி ஒட்டுவதற்குத் தொல்லை. அதனால் கேசட்டிலிருந்தே மறுபடி ஆரம்பித்தேன். செய்தது இவ்வளவுதான்:

1. கேசட்டின் கண்ணாடி வழியே டேப்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடாதீர்கள்; ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். சுத்தமாக இருந்தால் ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றிக்கொள்ளுங்கள்.

2. டெக்கின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களை யு.எஸ்.பி. கேப்சர் கருவியில் செருகுங்கள். எஸ்-வீடியோ இருந்தால் மஞ்சளுக்குப் பதில் அது.

3. விர்ச்சுவல்டப் போன்ற இலவச மென்பொருளில் பால், 720×576, விநாடிக்கு 25 சட்டகம் என்று வைத்து, ஹஃப்யுவ் போன்ற இழப்பில்லாத முறையில் பதியுங்கள். மணிக்கு 25 முதல் 40 ஜிபி வரை பிடிக்கும். டிஸ்க் என்.டி.எஃப்.எஸ். ஆக இருக்கட்டும், ஃபேட்32-ல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது.

4. பதியும்போது கணினியில் வேறு வேலை வேண்டாம். சட்டகம் தவறினால்தான் பெரும்பாலும் உதடும் குரலும் பிரியும். தவறிய எண்ணிக்கையை மென்பொருளே காட்டும்.

5. பதியும்போதே டிஇன்டர்லேஸ் செய்யாதீர்கள். அதைக் கடைசியில் நிதானமாகச் செய்யலாம்.

மினிடிவி கேசட் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அதில் இருப்பதே டிஜிட்டல் என்பதால் ஃபயர்வயர் வழியே அப்படியே நகலாகும், மணிக்கு சுமார் 13 ஜிபி. ஆனால் 2025-ல் வந்த மேக் ஓ.எஸ். 26 ஃபயர்வயரைக் கைவிட்டுவிட்டது. அந்தத் துளை உள்ள பழைய லேப்டாப்பை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

எட்டு விநாடியை வெட்டி, இரைச்சலைக் குறைத்து, அம்மாவிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். நாலைந்து தடவை கேட்டுவிட்டு, "எங்கப்பா பாயசத்தை மட்டும் மறக்கவே மாட்டார்" என்றார்.

அனுப்புவதற்கு எச்.264-ல் சின்னக் கோப்பு போதும். மூலப்பதிவை அழிக்காமல் இரண்டு டிஸ்க்கில் வையுங்கள். வி.சி.ஆர். செய்துவந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. கேசட் இன்னும் சில வருடம் தாங்கினாலும், அதை ஓட்ட டெக் இருக்காது. வீட்டுப் பரணில் கேசட் இருந்தால், இந்த லீவிலேயே இறக்கிவிடுங்கள்.