மூன்று எளிய சொற்கள்

ஐதராபாத்தின் காஞ்சன்பாக்கில் ஆங்கிலத்துக்குப் பஞ்சமில்லை. பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம், ஏவுகணை ஆய்வுக்கான டி.ஆர்.டி.எல்., 1970இல் தொடங்கப்பெற்ற பாரத் டைனமிக்ஸ், 1973இல் தொடங்கப்பெற்ற மிதானி ஆகியவை அமைந்த பகுதி அது. மதிலுக்குள் அறிக்கையும் சுற்றறிக்கையும் ஆங்கிலத்தில். மதிலுக்கு வெளியே காய்கறிக்கடையும் ஆட்டோவும் தெலுங்கிலும் தக்கனி உருதுவிலும். இரண்டுக்கும் இடையில் ஓர் ஆங்கிலம் தேவைப்படுகிறது. குழாய் ஒழுகுவதையும் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருவதையும் சொல்வதற்கான ஆங்கிலம். அதை எந்தப் பாடத்திட்டமும் தனியே கற்பிப்பதில்லை.

கணவரின் பணி காரணமாகத் தமிழகத்துச் சிற்றூரிலிருந்து அங்குக் குடிபெயர்ந்த வேதியியல் முதுநிலைப் பட்டதாரி ஒருவரின் அனுபவம் இதற்குச் சான்று. பள்ளிக்கல்வி முழுதும் தமிழ்வழி, கல்லூரி ஆங்கிலவழி. வினையூக்கியையும் சமநிலை மாறிலியையும் அவரால் ஆங்கிலத்தில் தங்குதடையின்றி விளக்க இயலும். மகளின் பள்ளியிலிருந்து முதன்முறை தொலைபேசி வந்தபோது அவர் கேட்டது: 'ஹூ ஆர் யூ?' மறுமுனையில் ஆசிரியையின் குரல் இறுகியது. உரையாடல் இரண்டு வாக்கியங்களில் முடிந்தது. மகளைப் பற்றி என்ன சொல்ல அழைத்தார்கள் என்பது தெரியாமலேயே போயிற்று.

இதையே தமிழில் கேட்டிருந்தால் 'யாருங்க பேசறது?' என்றுதான் கேட்டிருப்பார். அதில் முன்னிலைப் பெயரே இல்லை. 'ங்க' என்னும் சிற்றொட்டு மரியாதையைச் சுமந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு கிடையாது. அப்படியானால் அம்மொழி மரியாதையை எங்கே வைத்திருக்கிறது? அவரை ஆட்டிப்படைத்த கேள்வி இதுவே. அகராதி விடை தரவில்லை. விடை கிடைத்தது, சற்றும் எதிர்பாராத வகையில், 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில்.

1994 முதல் 2004 வரை, 236 பகுதிகளாக ஒளிபரப்பான அத்தொடரைக் கல்விக் கருவியாகக் கருதுவது ஆய்வரங்குகளில் சிறு நகைப்பை வரவழைக்கக்கூடும். அவர் பார்த்த முறையோ எந்த ஆய்வாளரின் முறைக்கும் குறைந்ததன்று. ஒரு காட்சியை முதலில் ஒலியின்றிப் பார்ப்பார். யார், யாரிடம், எதற்காகப் பேசுகிறார் என்று ஊகிப்பார். பின்பு ஆங்கில எழுத்துரையோடு ஒலியைக் கேட்பார். இருநூறு பக்க நோட்டில் சொற்பொருள் எழுதுவதைச் சில நாட்களிலேயே கைவிட்டுவிட்டு, நிலைமையை எழுதத் தொடங்கினார். 'நெவர் மைண்ட்: கேட்டதைத் திரும்பப் பெறுதல், கோபமில்லை.' 'ஹூஸ் திஸ்?: தொலைபேசியில் மட்டும், யூ வராது.' 'ஐ வாஸ் வொண்டரிங்: இறந்தகாலம், ஆனால் நடந்து முடிந்த செயல் அன்று, தயங்கிக் கேட்பது.' மரியாதை ஒளிந்திருந்த இடம் அகப்பட்டுவிட்டது. தமிழ் அதைப் பெயரிலும் விகுதியிலும் வைக்க, ஆங்கிலம் காலத்திலும் துணைவினையிலும் வைத்திருக்கிறது. ஒரே பாத்திரம் நண்பனிடம் ஒரு விதமாகவும் மேலாளரிடம் வேறு விதமாகவும் பேசுவதை அடுத்தடுத்த காட்சிகளில் காண நேர்ந்தவர்க்கு இலக்கண நூல் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

சோபாவை மாடிப்படியில் ஏற்றும் புகழ்பெற்ற காட்சியில் ராஸ் ஓயாமல் 'பிவட்' என்று கத்துகிறார். அவருடைய கணவர்க்கு அது எந்திரவியலின் சுழல்மையம், ஒரு பெயர்ச்சொல். படிக்கட்டு வளைவில் அது ஏவல்வினையாவதைக் கண்டு அதிகம் சிரித்தவர் கணவர்தான்.

2009இல் ஸ்டூவர்ட் வெப், மைக்கேல் ராட்ஜர்ஸ் இருவரும் 88 தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் உரையாடல்களை ஆராய்ந்து, மிகுதியாக வழங்கும் 3,000 சொற்குடும்பங்களும் சிறப்புப் பெயர்களும் தெரிந்தால் ஏறத்தாழ 95 விழுக்காட்டுச் சொற்களை அறியலாம் என்று கணக்கிட்டனர். மதிக்கத்தக்க ஆய்வு. எனினும் 'ஹூ', 'ஆர்', 'யூ' என்ற மூன்றுமே எந்தப் பட்டியலிலும் முன்வரிசையில் நிற்பவை. அப்பெண்ணுக்கு அவை மூன்றும் பள்ளி நாளிலிருந்தே தெரியும். சொல் தெரியாமல் தொலைபேசி உரையாடல் முறியவில்லை. சொல்வளத்தை எண்ணிக்கையால் மட்டும் அளக்கும் ஆய்வுகள் கவனிக்க வேண்டிய இடம் இது. என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட ஊர்களின் பள்ளிகளில் நடத்திய திட்டத்தின் அடிப்படைக் கருத்து, மனம் பொருளில் தோய்ந்திருக்கையில்தான் மொழியின் வடிவம் செம்மையாகப் படிகிறது என்பது. அடுத்து என்ன நிகழும் என்ற ஆவலோடு நாடகம் பார்ப்பவரின் மனம் பொருளில் அல்லாமல் வேறெதில் தோய்ந்திருக்கும்?

நாடகம் வழிதவற வைப்பதும் உண்டு. சாண்ட்லர் பிங்கின் எள்ளல்களைப் பின்னணிச் சிரிப்பொலி காப்பாற்றுகிறது. அதே எள்ளலை அலுவலகத்தில் மேலதிகாரியிடம் எடுத்துவிட்டால் காப்பாற்ற யாரும் இல்லை. ஊர் வேறுபாடு இன்னொரு சிக்கல். வாந்தியைக் குறிக்க 'த்ரோ அப்' என்று தொடர்கள் பழக்கியிருந்தன. ஐதராபாத் மருத்துவமனை ஒன்றில் செவிலியர்க்கு அது விளங்கவில்லை. 'வாமிட்டிங்கா, லூஸ் மோஷனா?' என்று கேட்டார். இந்த இரண்டாவது தொடரை அமெரிக்க நாடகம் எதிலும் அவர் கேட்டதில்லை. செவிலியரின் ஆங்கிலத்தைப் பிழை என்று ஒதுக்குவோர் உளர். நோயுற்ற குழந்தையோடு நிற்கும் தாய்க்கு விளங்குகின்ற ஆங்கிலமே அங்கு ஆங்கிலம்.

அன்றுமுதல் நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு கிழித்து இரண்டாகப் பிரித்துக்கொண்டார். இடப்பக்கம் தொடரில் கேட்டவை. வலப்பக்கம் பள்ளி வாயிலிலும் மருந்துக்கடையிலும் கேட்டவை. ஆசிரியையின் அடுத்த அழைப்பு வந்தபோது இடப்பக்கத்திலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்தார். 'மே ஐ நோ ஹூஸ் காலிங்?' ஆசிரியை தம் பெயரைச் சொல்லிவிட்டு, மகளுக்குக் கரும்பலகை சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது, கண்ணைச் சோதித்துப் பாருங்கள் என்றார்.