இலக்கும் சார்பும்

எழுத்துகளை முதலெழுத்து, சார்பெழுத்து என இரண்டாக வகுத்தனர் நம் இலக்கண ஆசிரியர்கள். சார்பெழுத்து பத்தெனக் கூறிய நன்னூலார் அவற்றுள் உயிர்மெய்யை முதலில் வைத்தார். 'கா' என்னும் எழுத்து தானே தோன்றுவதன்று. 'க்' என்னும் மெய்யும் 'ஆ' என்னும் உயிரும் கூடியவிடத்து அது பிறக்கிறது. அவ்விரண்டனுள் ஒன்று மாறினும் பிறக்கும் எழுத்து மாறியே தீரும். தமிழாசிரியர் ஒவ்வொருவரும் கரும்பலகையில் எழுதிக்காட்டும் இச்சிறிய உண்மையை ஒத்ததோர் உண்மையின் மீதுதான் கணினித் துறையின் இன்றியமையாத கருவியொன்று நிற்கிறது. நிரல்களைக் கட்டியெழுப்பும் கருவி அது.

மனிதன் எழுதும் நிரலைக் கணினி நேராக அறிந்துகொள்வதில்லை. சி போன்ற மொழியில் எழுதப்பட்ட மூலக் கோப்புகள் ஒவ்வொன்றையும் கம்பைலர் எனப்படும் மொழிமாற்றி, கணினி அறியும் இடைநிலைக் கோப்பாக மாற்றுகிறது. பின்னர் அவ்விடைநிலைக் கோப்புகளை இணைப்பி என்னும் மற்றொரு நிரல் ஒன்றுசேர்த்து, இயங்கு கோப்பினை ஆக்குகிறது. பெரிய நிரலொன்றில் மூலக் கோப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒன்றைத் திருத்தும்போதெல்லாம் அனைத்தையும் மீண்டும் மாற்றினால் காலம் வீணாகும். திருத்தியவற்றை மட்டும் மாற்றலாமெனின், எவை எவை என்பதை நினைவில் வைத்திருத்தல் வேண்டும். மனித நினைவோ தவறக்கூடியது.

அது தவறியதால் வந்த துன்பமே இக்கருவி பிறக்கக் காரணமாயிற்று. 1976-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பார் பணியாற்றி வந்தார். ஒரு நாள் அவருடைய அறைக்குள், 'யாக்' என்னும் புகழ்பெற்ற நிரலை ஆக்கிய ஸ்டீவ் ஜான்சன் தம் விதியை நொந்தவாறு நுழைந்தார். நிரலில் இருந்த பிழையை அவர் முன்னரே திருத்திவிட்டிருந்தார். ஆனால், திருத்திய கோப்பை மீண்டும் மொழிமாற்றாமையால், பழைய நிரலே இயங்கிக்கொண்டிருந்தது. அதனை அறியாது, சரியாக இருந்த நிரலில் இல்லாத பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுது முழுவதையும் அவர் இழந்தார். ஃபெல்ட்மனும் முதல்நாள் மாலை அதே தொல்லையால் அல்லலுற்றவர்தாம். சார்புகளைத் தானே ஆராய்ந்தறியும் விரிவானதொரு திட்டமே அவருடைய மனத்தில் முதலில் எழுந்தது. பின்னர் அதனை மிக எளிதாக்கி, அவ்வார இறுதியிலேயே 'மேக்' என்னும் கருவியை எழுதி முடித்தார். அப்பணிக்காக 2003-ஆம் ஆண்டுக்குரிய ஏசிஎம் மென்பொருள் அமைப்பு விருது அவருக்கு வழங்கப்பெற்றது.

மேக் கேட்பது மூன்றே செய்திகள்: ஆக்க வேண்டிய பொருள் எது, அது எவற்றைச் சார்ந்தது, அதனை ஆக்கும் முறை யாது. ஒரு வரியில் இலக்கின் பெயரை எழுதி, முக்காற்புள்ளியிட்டு, சார்புகளை அடுக்க வேண்டும். ஆக்கும் கட்டளையை அதன்கீழ் எழுத வேண்டும். 'கா : க் ஆ' என்று எழுதுவது போன்றதே இது. இலக்கு இன்னும் தோன்றவில்லையெனின் மேக் அதனை ஆக்கும். தோன்றியிருப்பின், கோப்புகள் இறுதியாகத் திருத்தப்பட்ட நேரத்தை ஒப்பிடும். சார்புகளுள் ஒன்றேனும் இலக்கினும் புதியதாயின் இலக்கை மீண்டும் ஆக்கும். இல்லையெனின் வாளா இருக்கும்.

இவ்வளவு எளிய விதியில் இடர் எங்கே உள்ளது? சொல்லாமல் விட்ட சார்பில் உள்ளது. பள்ளி மாணவரின் தேர்வுப் பெறுபேறுகளைக் காட்டும் நிரல் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். 'முதன்மை', 'உள்ளீடு', 'அச்சு' என்னும் மூன்று மூலக் கோப்புகள் அதற்கு உண்டு. மாணவர் பதிவின் அமைப்பைக் கூறும் தலைப்புக் கோப்பு ஒன்றும் உண்டு. பெயருக்கு 20 இடம், அதன்பின் மதிப்பெண் என்பது அவ்வமைப்பு. நீண்ட பெயர்கள் அடங்கவில்லை என்று கண்ட நிரலர், 20 என்பதனை 40 ஆக்குகிறார். 'முதன்மை', 'உள்ளீடு' ஆகியவற்றின் சார்புப் பட்டியலில் தலைப்புக் கோப்பினை முன்பே குறித்திருந்த அவர், 'அச்சு' என்பதன் பட்டியலில் மட்டும் குறிக்க மறந்திருந்தார். மேக் தனக்குச் சொல்லப்பட்டவற்றை நம்பி முன்னிரண்டையும் புதுப்பிக்கிறது. அச்சுப் பகுதியைப் பழையபடியே விட்டுவிடுகிறது. உள்ளீட்டுப் பகுதி 40 இடம் தள்ளி மதிப்பெண்ணை வைக்க, அச்சுப் பகுதியோ 20 இடம் தள்ளித் தேடுகிறது. அங்கிருப்பது பெயருக்கென ஒதுக்கப்பட்ட வெற்றிடம். நூறு மதிப்பெண் பெற்ற மாணவனுக்குச் சுழியம் அச்சாகிறது. மூலக் கோப்புகளை எத்தனை முறை படித்தாலும் பிழை தென்படாது. ஏனெனில் அவற்றில் பிழை இல்லை.

பின்வந்த கருவிகள் இவ்விடரைக் குறைக்க முற்பட்டன. மருத்துவப் படங்களை ஆராயும் நிரற்றொகுதி ஒன்றன் தேவைக்காக, 2000-ஆம் ஆண்டில் கிட்வேர் நிறுவனத்தில் 'சிமேக்' உருவாகத் தொடங்கியது. அதில் 'ஆட் எக்சிகியூட்டபிள்' என்னும் கட்டளையால் இயங்கு கோப்பின் பெயரையும் மூலக் கோப்புகளையும் அறிவித்தால் போதும். தலைப்புக் கோப்புகளின் சார்பைக் கருவியே கண்டறிந்துகொள்ளும். விண்டோஸில் கோப்பின் பெயர்க்குப்பின் வரவேண்டிய ஈற்றினையும் அதுவே சேர்த்துக்கொள்ளும்.

இயங்கு கோப்பு என்றும் நிரல் நூலகம் என்றும் இலக்குகளைப் பிரித்தறிவிப்பது இங்கு இன்றியமையாதது. இலக்கணம் கற்றார்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். நூலகம் எச்சம் போன்றது. தன்னை முடித்துவைக்கும் பிறிதொன்றை நோக்கி நிற்பது. இயங்கு கோப்பு முற்றுப் போன்றது. தானே நின்று பொருள் முடிப்பது. சி மொழியில் 'மெயின்' என்னும் தொடக்கச் செயற்கூறு ஒன்று அதற்குக் கட்டாயம் வேண்டும். அது இல்லையெனினும், இரண்டு இருப்பினும், இணைப்பி ஏற்க மறுத்துவிடும்.

ஃபெல்ட்மன் வகுத்த விதிகளுள் ஒன்று இன்றளவும் கற்போரை வருத்துகிறது. கட்டளை வரி 'டேப்' விசையால் தொடங்க வேண்டும் என்பதே அது. இடைவெளி விசையை எட்டு முறை தட்டினாலும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. மேக் மட்டும் பிழையென்று நின்றுவிடும். எழுதிய சில வாரங்களிலேயே அவர் இவ்விதியை மாற்ற எண்ணியிருக்கலாம். ஆனால், அதற்குள் பன்னிருவர் அளவில் அக்கருவியைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டனர். அவர்களுக்கு இடையூறு செய்ய அவர் விரும்பவில்லை. பன்னிருவர்க்காக விடப்பட்ட அவ்விதி, பின்னர் உலகெங்கும் எண்ணற்றோர்க்கு உரியதாயிற்று. தொடக்கத்தில் திருத்தாமல் விடப்படுவது வழக்காகிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆசிரியரின் நாட்பாடத் திட்டத்திலும் இலக்கு உண்டு, சார்பும் உண்டு. பாட நோக்கம் என்பது முன்னது. மாணவரின் முன்னறிவு என்பது பின்னது. நோக்கத்தை எழுதுவதில் காட்டும் கருத்து முன்னறிவை எழுதுவதில் காட்டப்படுவது அருமை. 'பாடத்தைப் படித்தான்' என்பதில் வல்லினம் மிகும் என்று கற்பிக்கப் புகும் ஆசிரியர், மாணவன் இரண்டாம் வேற்றுமை உருபினை அறிந்திருக்கின்றானா என்று பாராதுவிடின், அவன் விதியை மனப்பாடமாய் ஒப்பிப்பான். கட்டுரையில் எழுதும்போது தவறுவான். மந்தபுத்தி என்னும் பெயர் அவனுக்குச் சூட்டப்படும். ஆசிரியரோ ஜான்சனைப் போல, குற்றமில்லாத இடத்தில் குற்றத்தைத் தேடிக்கொண்டிருப்பார். அவர் தேடுவதை விடுத்து, முன்னறிவு என்னும் வரியை ஒருமுறை திரும்பப் படித்தல் நலம்.