கழன்று விழுந்த போல்ட்!
மண் பாதையில் டர்ட் பைக் ஓட்டிவிட்டு இறங்கினால், ஷூ முழுக்க ஆயில். இன்ஜினுக்கு அடியில் டிரெய்ன் போல்ட்டையே காணோம்! முந்தைய நாள் ஆயில் மாற்றியது நான்தான். பழைய வாஷரையே போட்டிருந்தேன். அந்த ஆயில் பின் டயரில் பட்டு வழுக்கியிருந்தால்?

"இனிமே முழு பலத்தோட முறுக்கிடுறேன்ணே" என்றேன், மெக்கானிக் அண்ணனிடம். தலையில் அடித்துக்கொண்டார். "உள்ளே அலுமினியம் தம்பி, மரை போயிடும்!"

புது வாஷர் போட்டு, மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினார். ரேஸ் பைக்கில் செய்வதுபோல, போல்ட் தலையில் துளையிட்டு, மெல்லிய ஸ்டீல் கம்பி கோத்து, இறுகும் பக்கமாக இழுத்துக் கட்டினார். கழல நினைத்தாலும் கம்பி விடாது. போல்ட்டையும் இன்ஜினையும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு. கோடு விலகினால் போல்ட் நகர்ந்திருக்கிறது.

இப்போது வண்டியை எடுக்கும்முன் தரையோடு குனிந்து பார்க்கிறேன். "பைக்கைக் கும்பிடுறியாடா?" என்கிறார் அம்மா.