பட்டைகள் வந்த பிறகு மாறிய சிங்கம்

இலங்கையின் தேசியக் கொடியைப் போற்றுகிறவரும் வெறுக்கிறவரும் அதற்குச் சொல்லும் விளக்கம் ஒன்றேதான். வாளேந்திய சிங்கம் சிங்களவர், செம்மஞ்சள் பட்டை தமிழர், பச்சைப் பட்டை முஸ்லிம்கள். எல்லோருக்கும் இடம் கொடுத்த கொடி என்பார் ஒருவர். எங்களுக்கு ஓரம்தானா கிடைத்தது என்பார் மற்றவர். அர்த்தத்தைப் பற்றி இருவருக்கும் சண்டையே இல்லை. பகைவர்கள் இவ்வளவு சுலபமாக உடன்படும் இடத்தில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்ற உறுத்தல்தான் என்னை இந்தக் கொடியின் பிறப்பைத் தேட வைத்தது. அந்நிய ஆட்சிக்கு முன் அந்தச் சிங்கம் கடைசியாகப் பறந்தது கண்டியில். அதன் கீழ் ஆட்சி செய்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சிங்களவர் அல்லர். அப்படியானால் சிங்கம் ஓர் இனத்தின் அடையாளமாக எப்போது ஆயிற்று?

கண்டி அரியணை 1739இலிருந்து நாயக்கர் வம்சத்தின் கையில் இருந்தது. கடைசி அரசரின் இயற்பெயர் கண்ணுசாமி. 1815 மார்ச் 2ஆம் தேதி கண்டி ஒப்பந்தம் அவரைப் பதவியிறக்கியது. அந்த ஒப்பந்தம் அவரை ‘மலபார்’ ஆட்சியாளர் என்று குறிப்பிடுகிறது. அக்கால ஆங்கிலேயர் தமிழரைச் சுட்டிய பெயர் அது. அரசரை வேலூர்க் கோட்டைக்கு நாடு கடத்தினார்கள், கொடியை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, லண்டன் செல்சி மருத்துவமனையில் போர் வெற்றிச் சின்னங்களோடு இருந்த அதை ஈ. டபிள்யூ. பெரேரா அடையாளம் கண்டார். சிங்களப் பதாகைகள் பற்றிய அவருடைய ஆய்வை 1916இல் கொழும்பு அருங்காட்சியகம் வெளியிட்டது. கொடி மீண்டும் மக்கள் நினைவுக்குள் வந்த 1915ஆம் ஆண்டில்தான் சிங்கள – முஸ்லிம் கலவரமும் நடந்தது. கண்டி அரசரின் சின்னம் அந்த ஆண்டுகளிலேயே ஓர் இனத்தின் மறுமலர்ச்சிக்கு உரியதாக மாறத் தொடங்கிவிட்டது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாற்றம் அங்கே முடிந்துவிடவில்லை.

1948 ஜனவரியில், சுதந்திரத்துக்குச் சில வாரங்கள் இருக்கையில், பிரதிநிதிகள் சபையில் ஒரு பிரேரணை வந்தது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் அரச கொடியே சுதந்திர இலங்கையின் கொடியாக வேண்டும் என்பது அதன் சாரம். அதைக் கொண்டுவந்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் முதலியார் ஏ. சின்னலெப்பை, ஒரு முஸ்லிம். பட்டைக் கதையை ஒப்பிக்கும் எவரும் இந்தப் பெயரைச் சொல்வதில்லை. பிரேரணையில் இனக் கணக்கு எதுவும் இல்லை. செம்புலத்தில் வாளேந்திய மஞ்சள் சிங்கத்தை ஒரு குறிப்பிட்ட அரசரின் கொடி என்றே அது அடையாளப்படுத்தியது. 1815இல் இறக்கியதை 1948இல் ஏற்ற வேண்டும், பறிபோன இறைமை திரும்பியதற்கு அதுவே சாட்சி என்பதுதான் அதன் தருக்கம். இந்தப் பார்வையில் சிங்கம் எந்த இனத்தையும் குறிக்கவில்லை, ஓர் அரசைக் குறித்தது. விடை கிடைத்துவிட்டது, சின்னலெப்பையின் கொடியை அப்படியே விட்டிருந்தால் போதும் என்று இந்த இடத்தில் எனக்குத் தோன்றியது.

ஆனால் யாழ்ப்பாணத்தை நினைத்ததும் அந்த விடை தடுமாறியது. சின்னலெப்பை கிழக்கிலிருந்து பேசினார். போர்த்துக்கேயரால் விரட்டப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி அரசர் செனரத் 17ஆம் நூற்றாண்டில் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினார் என்பது அங்கே மறக்கப்படாத வரலாறு. மட்டக்களப்பாருக்குக் கண்டியின் கொடி அந்நியமன்று, அடைக்கலம் தந்த அரசின் கொடி. யாழ்ப்பாணத்தாருக்கு அந்த உறவு இல்லை. அவர்களுடைய அரசுக்கு நந்தியே சின்னம். அது போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது 1619இல், கண்டி வீழ்வதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு. 1815ஐ மீட்பது கண்டியின் இறைமையை மீட்பதாகும். யாழ்ப்பாணம் இழந்ததைப் பற்றி அந்தக் கொடியில் ஒரு சொல்லும் இல்லை. ஆகவே வடக்கிலிருந்து எழுந்த மறுப்பை வெறும் இனப் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. எந்த அரசின் தொடர்ச்சி இந்த நாடு என்ற கேள்வி அதற்குள் இருந்தது.

அந்தக் கேள்வியை நேராகச் சந்திக்க ஒரு வாய்ப்பு வந்தது. பிரதமர் டி. எஸ். சேனநாயக்க கொடிக்காக ஒரு குழுவை அமைத்தார். பண்டாரநாயக்க, கொத்தலாவல, ஜே. ஆர். ஜயவர்தன, டி. பி. ஜாயா, ஜி. ஜி. பொன்னம்பலம், செனட்டர் எஸ். நடேசன் ஆகியோர் அதில் இருந்தார்கள். குழு தேர்ந்த வழி சிங்கத்தைத் தொடாமல் வைத்துக்கொண்டு பக்கத்தில் இரண்டு பட்டைகளைச் சேர்ப்பது. என் முழு வாதமும் இந்த ஒரு செயலைப் பற்றியது. தமிழருக்கு ஒரு நிறம், முஸ்லிம்களுக்கு ஒரு நிறம் என்று தனித்தனியே ஒதுக்கியவுடன், எஞ்சி நிற்கும் சிங்கம் மூன்றாமவருக்கு உரியதாகிவிடுகிறது. ஜனவரியில் கண்ணுசாமியின் கொடியாக முன்மொழியப்பட்டது, குழுவைவிட்டு வெளியே வரும்போது சிங்களவரின் கொடியாக வந்தது. சேர்த்துக்கொள்ள வந்த பட்டைகளே பிரித்துக் காட்டின. போதாததற்கு, கொடியைச் சுற்றி ஓடும் மஞ்சள் கரை பட்டைகளுக்கும் சிங்கத்துக்கும் நடுவிலும் இறங்கி, ஒரே வளவுக்குள் எழுப்பிய மதில்போல நிற்கிறது. நடேசன் இணங்க மறுத்தார். இது ஒற்றுமையைக் காட்டாது, ஒற்றுமையின்மையைத்தான் காட்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. குழுவில் அப்படி விலகி நின்றவர் அவர் ஒருவரே. பாராளுமன்றம் கொடியை ஏற்ற நாள் 1951 மார்ச் 2, கண்டி ஒப்பந்தத்தின் அதே தேதி. சின்னலெப்பையின் தருக்கம் நாளில் மட்டும் தங்கியது, துணியில் தங்கவில்லை.

சிங்கம் எப்போதுமே சிங்களவரின் சின்னம்தான், பட்டைகள் புதிதாக எதையும் செய்துவிடவில்லை என்று ஒருவர் மறுக்கலாம். சிங்கத்தின் வழிவந்த விஜயனே சிங்களவரின் மூதாதை என்ற கதையையும் பெரேராவின் நூலையும் வைத்துப் பார்த்தால் அந்த மறுப்புக்கு வலு உண்டு. ஆனால் ஒரு சின்னத்துக்குப் பல நினைவுகள் இருக்கலாம்; அவற்றுள் ஒன்றை மட்டும் அரசு சட்டமாக்கும்போது மற்றவை வெளியேறுகின்றன. வாளைப் பற்றிய குற்றச்சாட்டு இதற்கு நல்ல உதாரணம். சிறுபான்மையினரை நோக்கி வாளோங்கிய சிங்கம் என்று தமிழர் பலர் சொல்கிறார்கள். பட்டைகளே இல்லாத பழைய கொடியிலும் சிங்கம் கொடிக்கம்பத்தைப் பார்த்தே நின்றது. அந்த வாள் எவருக்கும் எதிராக வரையப்பட்டதன்று. கம்பத்தை ஒட்டிப் பட்டைகளை வைத்தது 1951. அதன் பிறகுதான் வாளுக்கு எதிரே ஆட்கள் வந்தார்கள். நோக்கம் அதுவாக இருந்திருக்காது என்றே நம்புகிறேன். ஆனால் அந்த வாளைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு வரைந்தவரின் நோக்கம் தெரியப்போவதில்லை.

இடம் கொடுத்தது பெரிதில்லையா, பல நாடுகள் அதுகூடச் செய்யவில்லையே என்பது இன்னொரு மறுப்பு. யாருக்கு இடம் என்று பார்த்தால் இதுவும் நிற்பதில்லை. குழு வேலை செய்துகொண்டிருந்த அதே காலத்தில், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. பொன்னம்பலம் அப்போது அந்த அரசாங்கத்தில் அமைச்சர். 1951இல் செம்மஞ்சள் பட்டை ஏறியபோது, அது குறிப்பதாகச் சொன்ன மக்களில் பல லட்சம் பேர் சட்டத்தின் கண்ணில் இந்த நாட்டவரே அல்லர். குடியுரிமையைப் பறித்த கை நிறத்தைக் கொடுத்திருக்கிறது. அதைத் தாராள மனம் என்று என்னால் ஏற்க முடியாது.

1972இல் கொடியின் மூலை அலங்காரங்கள் அரசிலைகளாயின. அதே ஆண்டின் அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது. 1951இல் திறந்த பாதை அங்கே போய்ச் சேர்ந்ததில் வியப்பில்லை. 2015இல் கொழும்பில் நடந்த ஓர் ஆர்ப்பாட்டத்தில் பட்டைகள் இல்லாத சிங்கக் கொடிகளைச் சிலர் ஏந்தி வந்தார்கள், கண்டனமும் எழுந்தது. ஆனால் வெட்டி எடுத்தாலும் மிச்சம் முழுமையாகவே தெரியும்படி ஒரு கொடியை வரைந்தது அந்தக் கூட்டம் அன்று. அதைச் செய்தது குழு. இனிமேல் எவராவது இந்தக் கொடியைத் திருத்த முன்வந்தால், நிறங்களைக் கூட்டுவது பற்றியும் பட்டைகளை அகலமாக்குவது பற்றியும் பேச வேண்டாம். கண்டி, யாழ்ப்பாணம், மலையகத் தோட்டங்கள் என்ற மூன்றின் வரலாற்றுக்கும் இந்த அரசு வாரிசா என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள். இன்று நடைமுறையில் உள்ள 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 6ஆவது உறுப்புரை, தேசியக் கொடி சிங்கக் கொடியே என்று சொல்லி, வடிவத்துக்கு இரண்டாம் அட்டவணையைக் காட்டிவிட்டு முடிகிறது. பட்டைகள் யாரைக் குறிக்கின்றன என்று அந்த உறுப்புரையில் ஒரு சொல்லும் இல்லை.