அம்மாவின் பல்செட்

என் அன்னைக்கு 68 வயது நிறைந்தபோது, எஞ்சியிருந்த பற்களையும் எடுத்துவிட்டு, மேலும் கீழும் முழுப் பல்செட் கட்டினோம். குழிந்திருந்த கன்னங்கள் நிரம்பின, பேச்சுத் தெளிந்தது. "இனி முறுக்கும் கடிக்கலாம், கறியும் மெல்லலாம்" என்று பெருமையோடு சொன்னவன் நானே.

ஆனால் சில மாதங்களில் அம்மா மெலியலானார். கறித்துண்டுகளைப் பேரனின் தட்டுக்குத் தள்ளிவிடுவார். காய்கள் தொடப்படாமலே கிடக்கும். கஞ்சியும் இட்லியும் போதும் என்பார். "இவ்வளவு செலவு செய்து பல் கட்டியும் இந்தப் பிடிவாதமா?" என்று ஒரு நாள் கடிந்துகொண்டேன். அவர் மறுமொழி கூறவில்லை. மறுநாள், பாட்டி காலத்து வெற்றிலை உரலைத் தற்செயலாக எடுத்துப் பார்த்தேன். அடியில் முறுக்குத்தூள் ஒட்டியிருந்தது.

வெட்கத்தோடு பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் பொறுமையுடன் விளக்கினார். இயற்கைப் பல் எலும்பில் வேரூன்றி நிற்பது. எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்பதை வேரைச் சூழ்ந்த நரம்புகள் அறிவிக்கும். பல்செட்டோ ஈறின்மேல் அமர்ந்திருப்பது மட்டுமே. முழுப் பல்செட் அணிந்தவரின் கடிக்கும் விசை, இயற்கைப் பல் உடையவரின் விசையில் ஏறத்தாழக் கால் பங்குதானாம்! மேற்செட்டை அகன்ற அண்ணமும் உமிழ்நீரும் பிடித்துக்கொள்ளும். கீழ்ச்செட்டுக்கு அந்த வசதியில்லை. நாக்கு அசையுந்தோறும் அதுவும் அசையும். மேலும், பற்கள் போன பின் தாடை எலும்பு ஆண்டுதோறும் தேய்வதால், நன்கு பொருந்திய செட்டும் நாளடைவில் தளர்ந்துவிடும். என் அன்னையின் கீழ்ச்செட்டு ஈறில் உராய்ந்து புண்ணாக்கியிருந்தது. இதைத்தான் பிடிவாதம் என்றேன்!

தாடையில் இரண்டு திருகுகள் பதித்துக் கீழ்ச்செட்டை அவற்றில் பொருத்தினால் மெல்லுவது எளிதாகும் என்றார் மருத்துவர். இந்த வயதில் அறுவை வேண்டாம் என்று அம்மா மறுத்துவிட்டார். ஆகவே புண் ஆறியபின், செட்டின் உட்புறத்தில் புதுப்பூச்சு இட்டு இறுக்கமாக்கித் தந்தார். முன்பற்களால் கடித்து இழுக்காமல், சிறு துண்டுகளாக நறுக்கி, இருபுறமும் ஒரே சமயத்தில் மெல்லவேண்டும். இரவில் கழற்றிக் குளிர்ந்த நீரில் இடவேண்டும் என்பன அவர் கூறிய முறைகள். வெந்நீர் கூடாது, செட்டு வளைந்துவிடும்.

இப்போது எங்கள் வீட்டில் கறி சற்றுக் குழைய வேகிறது. காய்கள் பொடியாக அரியப்படுகின்றன. உணவு வேளையும் கால்மணி நேரம் நீண்டிருக்கிறது. அம்மாவின் உடம்பு சிறிது தேறியுள்ளது. முறுக்கு மட்டும் இன்னமும் உரலில்தான் இடிபடுகிறது. ஆனால் ஒளிவுமறைவாக அல்ல. நடுக்கூடத்தில் அமர்ந்து பேரன் இடித்துக் கொடுக்கிறான், பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டே.