இரண்டு சூரியோதயம்

கடல் கடந்து போன பிள்ளையோ பெண்ணோ உள்ள வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு: "அந்த ஊர் எவ்வளவு தூரம்?" இதற்குக் கிலோ மீட்டர் கணக்கில் பதில் சொல்லிப் பாருங்கள்; கேட்டவர் முகம் தெளியாது. "ஓர் அவசரமென்றால் எத்தனை நேரத்தில் வந்து சேருவாள்?" என்பதல்லவா உள்ளே இருக்கும் கேள்வி!

என் தங்கை மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் குடித்தனம் செய்கிறாள். அங்கிருந்து சிங்கப்பூர் சுமார் 5 மணி, சிங்கப்பூரிலிருந்து சென்னை 4 மணி. நடுவே காத்திருப்பது தனி. "காலையில் கிளம்பினால் ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துவிடுவாள்" என்று அம்மா கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். டிக்கெட் கிடைக்க வேண்டும், லீவு கிடைக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது. நானும் ஞாபகப்படுத்துவதில்லை.

அதே பெர்த்திலிருந்து நம் பக்கத்துக் கரைக்கு வருவது ஒரு காலத்தில் என்ன பாடாக இருந்தது, தெரியுமோ? 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த விமானப் பாதை அறுந்தது. 1943-ல் குவாண்டாஸ் கம்பெனி துணிச்சலான காரியம் ஒன்று செய்தது. தண்ணீரில் கிளம்பித் தண்ணீரிலேயே இறங்கும் காடலினா விமானங்களைப் பெர்த்தின் ஸ்வான் நதியிலிருந்து, இலங்கையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரிக்கு ஓட்டியது. தூரம் சுமார் 6,500 கிலோ மீட்டர். நடுவில் எங்கும் இறங்குவதில்லை. காற்று வீசுவதைப் பொறுத்து 27 மணியும் ஆயிற்று, 32 மணியும் ஆயிற்று.

பெட்ரோல் பாரத்தில் 3 பிரயாணிகளுக்குமேல் ஏற்ற முடியாது. சுருக்கமான வானிலைச் சங்கேதம் தவிர ரேடியோவில் மூச்சு விடக் கூடாது. எதிரி காதில் விழுந்துவிடும்! அந்த விமானிகளின் மனைவிமார் அந்த இரவுகளை எப்படித்தான் கழித்தார்களோ?

நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டுபிடித்தார்கள். ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்களே: ஆல்டேர், ஸ்பைகா, அன்டாரஸ், வீகா, ரைஜல். முதல் மூன்றும் நம் பஞ்சாங்கத்துத் திருவோணம், சித்திரை, கேட்டை. இதைச் சொன்னதும், "கேட்டையிலா பிரயாணம் கிளம்பினார்கள்?" என்று அம்மா முகம் சுளித்தாள். கிளம்பினார்கள், க்ஷேமமாகப் போயும் சேர்ந்தார்கள். 1945 வரை 271 தடவை அந்தக் கடலைத் தாண்டியும் ஒரு விமானம்கூட நஷ்டமாகவில்லை.

24 மணிக்கு மேல் ஆகாயத்தில் இருப்பதால் ஒரே பிரயாணத்தில் சூரியன் இரண்டு தடவை உதித்தான். ஏறி வந்தவர்களை 'இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்க'த்தில் சேர்த்து, அதற்கு ஒரு பத்திரமும் எழுதிக் கொடுத்தார்கள்.

2018 மார்ச் 24-ந் தேதி அதே கம்பெனி, பெர்த்திலிருந்து லண்டனுக்கே நடுவில் இறங்காமல் விமானம் விட்டது. 14,500 கிலோ மீட்டர், சுமார் 17 மணி. மாலையில் அஸ்தமனத்துக்குப் பின் கிளம்பிய விமானம், மேற்கே நகரும் இருட்டோடு கூடவே ஓடி, விடியுமுன் லண்டனில் இறங்கிவிட்டது. அதில் போனவர்களுக்கு ஒரு சூரியோதயம்கூடக் கிடைக்கவில்லை.